பிரெஞ்சு வகுப்பில் தமிழ் பேசுங்கள்

சென்னையில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முதல் மாதம் வயதைக் கேட்டால் பாதிப்பேர் ‘ஜ ஸ்வீ ஓன்ஸான்’ என்பார்கள். வருடா வருடம் இதே தவறுதான். ‘ஜ ஸ்வீ’ என்றால் நான் இருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் லெவன்’ என்று மனதுக்குள் சொல்லி, அதை அப்படியே பிரெஞ்சாக்கிவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஜே ஓன்ஸான்’ என்பார்கள், அதாவது ‘என்னிடம் பதினொரு வருடம் இருக்கிறது’. பல வருடங்கள் இதைச் சிவப்பு மையால் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஒரு பையனிடம், “தம்பி, இதையே உங்க வீட்டில் எப்படிச் சொல்வாய்?” என்று கேட்டேன். “எனக்குப் பதினொரு வயசு மிஸ்” என்றான். அதில் ‘நான் இருக்கிறேன்’ எங்கே வருகிறது? வரவே இல்லை. எனக்கு வயது, எனக்குப் பசி, எனக்குத் தாகம், எனக்குப் பயம். பிரெஞ்சிலும் பசி, தாகம், பயம், வயது எல்லாமே ஒருவரிடம் இருக்கிற பொருள்கள்தான். நான்கையும் பலகையில் எழுதிப் பக்கத்திலேயே தமிழையும் எழுதினேன். அந்த வகுப்பில் அந்தத் தவறு ஏறக்குறைய நின்றே போனது.

அன்றிலிருந்து நான் நம்புவதை வெளிப்படையாகவே சொல்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருவது சுற்றுவழி. பக்கத்திலேயே நேர்வழி இருக்கிறது.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் ‘த்யு’, ‘வூ’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘யூ’ என்பதால், ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தால் முறையான பேச்சு, முறைசாராப் பேச்சு என்று அரைமணி நேரம் போகும். தமிழில் சொன்னால் அரை நிமிடம். பலருக்கும் ‘வூ’தான், பெரியவர் ஒருவருக்கும் ‘வூ’தான், நம் ‘நீங்கள்’ போலவே. இதற்கு நான் வைத்திருக்கும் விளையாட்டு எளிமையானது. ஆட்டோ ஓட்டுநர், பக்கத்து வீட்டு நாய், புதிதாகக் குடிவந்த மாமி, தலைமையாசிரியர், பாட்டி, கைக்குழந்தை என்று சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். சீட்டை எடுக்கிற பிள்ளை அந்த ஆளிடம் நலம் விசாரிக்க வேண்டும். பாட்டி சீட்டு வந்ததும் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிடும். சில வீடுகளில் பாட்டியை ‘நீ’ என்பார்கள், சில வீடுகளில் ‘நீங்க’. பிரான்சில் இன்று பெரும்பாலான வீடுகளில் பேரப்பிள்ளைகள் பாட்டியை ‘த்யு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றதும் சிலருக்கு அதிர்ச்சி. உடனே ஒரு பெண், “எங்க வீட்ல அம்மாவ நீ, அப்பாவ நீங்க. அது ஏன் மிஸ்?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக மீதி வகுப்பு முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் உச்சரிப்பு. பிரெஞ்சின் மூக்கொலிகள் கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். ‘நாங்க கடைக்குப் போனோம்’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது. ‘ம்’ தனியாக வராமல் ‘ஓ’விலேயே கரைந்து மூக்கு வழியாகப் போய்விடும். ‘அவன் வந்தான்’ என்று பேச்சில் சொல்லும்போதும் நாக்கு ‘ன்’னைத் தொடுவதில்லை. பிரெஞ்சில் நல்லது என்று பொருள்படும் ‘போன்’, இருபதைக் குறிக்கும் ‘வேன்’ இரண்டும் இதே வித்தைதான். தமிழ் வாய்க்கு இது பழகிய ஒலி. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ன்’னை அழுத்திப் படிக்கும்போதுதான் கெட்டுப்போகிறது. நமக்கு இல்லாத ஒலி என்றால் ‘த்யு’வில் வரும் அந்த உயிர். அதற்கும் சுலபமான வழி உண்டு. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு இதை அரைமணி நேரம் சலிக்காமல் செய்யும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி புணர்ச்சி. தமிழ் வகுப்பில் பிள்ளைகள் வெறுக்கிற பாடம் இது. காடு, எல்லாம் இரண்டும் சேர்ந்தால் காடெல்லாம். அடுத்து உயிர் வந்ததும் உகரம் ஓடிவிடுகிறது. பிரெஞ்சில் ‘லா’வும் ‘எகோல்’ என்ற பள்ளிக்கூடமும் சேர்ந்தால் ‘லெகோல்’. அங்கேயும் உயிருக்கு முன்னால் இன்னோர் உயிர் நிற்பதில்லை. ‘அவனிடம் இருக்கிறது’ என்று பொருள்படும் ‘இல் ஆ’ என்ற தொடரைக் கேள்வியாகத் திருப்பினால் ‘ஆ-தீல்’ ஆகிவிடும். நடுவில் வந்த அந்த ‘த்’துக்குப் பொருளே கிடையாது. அது ஏன் வந்தது என்று கேட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், ஐந்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன், மெதுவாக, “உடம்படுமெய் மாதிரியா மிஸ்?” என்றான். கோவில் என்ற சொல்லில் ‘வ்’ வந்து உட்காருவதுபோல, இரண்டு உயிர்களைச் சேர்க்க வந்த மெய். ஆங்கிலம் திக்கும் என்பதால் ஒதுங்கியே இருந்த பையன் அவன். பலகைக்கு வந்து மற்ற எல்லாருக்கும் விளக்கினான். தமிழ் ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவும் என்று சொல்லவில்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றால் நம் பிள்ளைகள் திகைத்துப்போகிறார்கள். நமக்கு அவை எல்லாம் அஃறிணை. இந்த இடத்தில் இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. அவர்களைச் சொல்லித்தரச் சொல்வேன். மற்றபடி ஓட்டம்தான் வழி. நான் ஒரு சொல்லைச் சொன்னால், ஆண்பால் என்றால் ஜன்னல் சுவருக்கும் பெண்பால் என்றால் கதவுச் சுவருக்கும் ஓட வேண்டும். ‘-சியோன்’ என்று முடிந்தால் ஏறக்குறைய எப்போதுமே கதவுச் சுவர். இரண்டு மாதத்தில் கால்களே நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தையும் தள்ளிவைக்கவில்லை. படிக்கும்போது பொதுச்சொற்கள் ஏராளமாக இருப்பது பெரிய உதவி. பேச்சுக்கும் இலக்கணத்துக்கும்தான் அது குறுக்கே நிற்கிறது.

எண்கள் என்றால் தம்போலா. பிரெஞ்சில் 70 என்பது அறுபது-பத்து, 80 நான்கு-இருபது, 99 நான்கு-இருபது-பத்து-ஒன்பது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70, 90 இரண்டுக்கும் ‘செப்தாந்த்’, ‘நோனாந்த்’ என்று நேரான சொற்களே உண்டு. பிள்ளைகள் சிரித்து முடித்ததும் நம் எண்களைப் பார்க்கச் சொல்வேன். 9 பத்தில் முடிகிறது, 90 நூறில், 900 ஆயிரத்தில். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். அட, நம்முடையதிலும் இப்படி ஒன்று இருக்கிறதே என்று ஆகிவிடும். 60 முதல் 99 வரை மட்டும் உள்ள அட்டைகளைத் தயார்செய்து விளையாட வைக்கிறேன், ஏனென்றால் தடுமாற்றமெல்லாம் அங்கேதான்.

பிப்ரவரி 2 பிரான்சில் ‘ஷான்தலர்’. கிறிஸ்துமஸுக்கு நாற்பதாவது நாள், வீடுகளில் தோசை போன்ற மெல்லிய ‘க்ரெப்’ சுடுவார்கள். வகுப்பில் அடுப்பு வைக்க முடியாது. அதனால் தோசைக்குச் செய்முறை எழுதுகிறோம். ஊற்று, பரப்பு, திருப்பு: ‘வெர்ஸ், எதால், ரதூர்ன்’. கையால் செய்துகொண்டே சொல்ல வேண்டும். ஏவல் வினை முழுவதும் ஒரு தோசையில் முடிந்தது.

எட்டாம் வகுப்பைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போவேன். 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஊர், தெருப் பலகைகளில் இன்றும் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கின்றன. ஆளுக்குப் பத்துப் பலகைகளைக் குறித்துக்கொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும், கடைசி எழுத்தை எங்கே விழுங்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘ட்யூமாஸ்’ என்று படித்தவர்கள் தெருமுனைக்குள் ‘ட்யூமா’ என்று திருத்திக்கொள்வார்கள். வெளியே போக வழியில்லாத பள்ளிகளுக்கு டிவி5 மோந்த் தளத்தில் நிலைவாரியாகப் பிரித்த காணொளிப் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேல் வகுப்புகளுக்கு ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம்.

நிர்வாகத்தோடு எனக்கு மோதல் வந்ததும் இதனால்தான். முன்பு வேலைபார்த்த ஒரு பள்ளியில், வகுப்பைக் கடந்துபோன மேலாளர் ஒருவர், “பிரெஞ்சு வகுப்பில் எதற்குத் தமிழ்? பெற்றோர் புகார் செய்வார்கள்” என்றார். நோட்டுப் புத்தகங்களைக் காட்டினேன், பார்க்கவில்லை. ஆங்கிலம் மட்டும் என்ற விதியைக் காப்பாற்றினால் போதும் என்று இருந்தார். அந்த வருட இறுதியில் விலகிவிட்டேன். இப்போதும் அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

நம் ஊரில் பலர் பிரெஞ்சை எடுப்பதே மதிப்பெண்ணுக்காக. கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளையிடம் ‘சாவா?’ என்று நலம் கேட்டால் முழிக்கிறது. பிள்ளை மேல் தவறில்லை; நம் தேர்வுகள் பெரும்பாலும் எழுத்தை மட்டுமே கேட்கின்றன. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்திறன் சான்றிதழின் தொடக்க நிலையான ஏ1 தேர்வில் கேட்டலுக்கு 25, படித்தலுக்கு 25, எழுத்துக்கு 25, பேச்சுக்கு 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. வாயைத் திறக்காமல் தேறவே முடியாது. நம் பருவத் தேர்வுகளிலும் பாதி மதிப்பெண்ணைக் காதுக்கும் வாய்க்கும் கொடுத்துப் பாருங்கள், வகுப்பு தானாக மாறும்.

“வகுப்பில் எல்லாருமா தமிழ்?” என்று கேட்பார்கள். இல்லை. தெலுங்கு, உருது, மலையாளம், இந்தி எல்லாம் இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் நீ-நீங்கள் உண்டு. “உங்க வீட்டில் எப்படி?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பதில் இருக்கிறது.

தம்போலா அட்டைகளும் ‘த்யு-வூ’ சீட்டுகளும் என்னிடம் அச்சிடத் தயாராக இருக்கின்றன. ஆசிரியர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். எண்ணும்போது நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், 77ஐயும் 67ஐயும் பிள்ளைகள் அடிக்கடி மாற்றிப் போடுகிறார்கள்.