வடுவூர் இருக்கட்டும், முதலில் வாய்க்கால் கரைக்கு வாங்க

மன்னார்குடிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து கோயம்புத்தூர் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “அங்க பொழுது எப்படிப் போகுது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் இங்கே நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

மேற்கே மலையைப் பார்த்தே திசை சொல்லிப் பழகியவள் நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலாகவே நீளும் இந்த ஊர் ஆரம்பத்தில் பிடிபடவில்லை. வங்கிக் கிளையில் பயிர்க்கடன் பிரிவு. பகல் முழுக்கச் சிட்டா, அடங்கல், கையெழுத்து, ரேகை. சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. காலை ஐந்தரைக்குப் பாமணி ஆற்றங்கரையில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் இருப்பதாகத் தோன்றியது. அந்த நடையை விடாமல் வைத்திருந்தது பறவைகள்.

புது ஊரில் வேலைக்குச் சேர்கிறவர்கள் வீடு பார்க்கிற அதே வாரத்தில் நடக்க ஒரு பாதையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் டெல்டாவுக்கு வருகிறவர்கள் கட்டாயம் வாய்க்கால் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம் இருக்கிறது. இங்கே எல்லாம் தண்ணீரின் கணக்கில் நடக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. அணையில் தண்ணீர் குறைவான ஆண்டுகளில் இது முன்னே பின்னே ஆகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறாகவும் காவிரியாகவும் கல்லணைக் கால்வாயாகவும் பிரிந்து, கிளை ஆறுகளுக்குள் புகுந்து, பாசனத்தின் கடைசி எல்லையான கடைமடைக்கு வரப் பல நாட்கள் பிடிக்கும். வேலையில் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் எனக்குத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மனத்தில் நின்றது கொக்குகளைப் பார்த்த பிறகுதான்.

ஆனியில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தபோது கரையில் ஆள்காட்டியின் கூச்சலும் மைனாக்களும்தான். ஒருநாள் டீக்கடை அண்ணன் சொன்னார், “தண்ணி வந்துட்டு மேடம்.” அடுத்த சில காலைகளில் கரையே வேறாகிவிட்டது. நாற்றங்காலுக்குச் சேறடிக்கிற டிராக்டரின் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடக்கும். சக்கரம் புரட்டிப் போடும் பூச்சியும் புழுவும் அவற்றுக்கு. மடையான் மட்டும் கூட்டத்தில் சேராமல் வரப்பில் தனியாகக் குந்தியிருக்கும். மற்ற மாதங்களில் மண்ணோடு மண்ணாகத் தெரிகிற அந்தப் பறவைக்கு இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அரக்குச் சிவப்பாக மாறிவிடுகிறது. எழுந்து பறந்தால் சிறகு முழுக்க வெள்ளை. ஒரே பறவை உட்கார்ந்தால் ஒன்று, பறந்தால் இன்னொன்று! முதன்முதலாகப் பார்த்த காலையில் அந்த வரப்பை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் நத்தைகுத்தி நாரை. அதன் அலகின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சாக இருக்கும்போது அது கிடையாது, வளர வளரத்தான் வரும். வயலில் கிடக்கிற நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள் இருக்கும் சதையை உருவி எடுக்க அந்த அலகு. சேறடித்த வயலில் இவை இறங்கியிருந்தால் நடவு நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் கடனுக்கு வந்த பெரியவரிடம், “உங்க பக்கம் நாரை நெறைய எறங்கியிருக்குதுங்களே, சேறடிச்சாச்சுங்களா ஐயா?” என்று கேட்டேன். அதுவரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “நத்தகொத்தியா? கெடக்கு கெடக்கு, எங்க வயல்லதான்” என்று ஆரம்பித்து, குறுவை, தாளடி என்று நெல் போகங்களிலிருந்து எந்த மதகில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்பது வரை சொல்லிவிட்டுத்தான் போனார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அந்த அளவுக்கு நான் கற்றுக்கொண்டதில்லை.

பெண் தனியாகக் கழுத்தில் பைனாகுலரோடு வரப்பில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஆட்கள் வருவார்கள், கேள்வி கேட்பார்கள். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. “ஏம்மா, என்ன அளக்குறீங்க? மீத்தேனா?” என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டமே வந்தாகிவிட்டது. இருந்தாலும், கருவியோடு வயலில் நிற்கிற அந்நியரைக் கண்டால், மீத்தேன் எரிவாயு எடுக்க வந்துவிட்டார்களோ என்று எழும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போகாமல் இருப்பதில் நியாயமும் இருக்கிறது. “அளக்கலீங்க அண்ணா, பறவை பாக்கறேனுங்க” என்று பைனாகுலரை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடையைப் பார்த்தவர், அது பறந்து நீலச் சிறகு விரிந்ததும் “அடேயப்பா” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கரையில் எனக்கு யாராவது ஒருவர் வணக்கம் வைக்காத காலை இல்லை. புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே பாதையில், ஒரே நேரத்தில், தினமும் போங்கள். முகம் பழகட்டும். எங்கே போகிறீர்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

பறவை பார்க்கிறேன் என்றாலே “வடுவூர் போனீங்களா, கோடியக்கரை போனீங்களா” என்கிறார்கள். போனேன். வடுவூர் ஏரி தஞ்சாவூர் சாலையில் பக்கத்திலேயே இருக்கிறது. மழைக்காலம் முடிகிற நேரத்தில் நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடுகளும் குஞ்சுகளுமாக அது ஓர் ஊர். உதயமார்த்தாண்டபுரம் சரணாலயமும் அப்படித்தான். கோடியக்கரையில் பூநாரைகளைப் பார்க்கலாம். சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு நடத்திய இடம் அது. கோடியக்கரை 2002இல், வடுவூர் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான்.

ஆனால் சரணாலயத்துக்கு மட்டும் வேலி போட்டுவிட்டால் பறவை பிழைத்துக்கொள்ளும் என்கிற நினைப்பை நான் ஏற்கவில்லை. வடுவூரில் கூடு கட்டுகிற நாரையும் அரிவாள் மூக்கனும் இரை எடுப்பது சுற்றியுள்ள நெல் வயல்களில், வாய்க்கால்களில், குட்டைகளில். ஏரி அவற்றுக்குப் படுக்கையறை என்றால் அடுப்படி வயல்தான். காலையில் அவை எந்தத் திசையில் பறந்து போகின்றன என்று ஏரிக்கரையில் நின்று பார்த்தாலே இது புரிந்துவிடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் பூசுவது. தண்ணீர் மண்ணில் உறிஞ்சப்படாமல் கடைமடைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் என்பது உண்மை. கடைமடை விவசாயியின் கஷ்டத்தைத் தினமும் கவுண்டரில் கேட்கிறவள் நான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் மண்கரையில் வளை தோண்டித்தான் முட்டையிடும். கரை முழுக்க சிமெண்ட் ஆனால் அவை எங்கே போகும்? நீரோட்டம் வேகமாக இருந்தாக வேண்டிய முக்கிய வாய்க்கால்களுக்குப் பூசட்டும். சின்னக் கிளைகளிலாவது சில இடங்களில் மண்கரையை விட்டு வையுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

இன்னொன்று சொல்லவே கசப்பாக இருக்கிறது. சாலையோரத்தில் மடையானையும் கொக்கையும் கட்டித் தூக்கி வைத்துக்கொண்டு விற்கிறார்கள். உயிரோடு. காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் படித்தவர்கள், சம்பளக்காரர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பிடிக்கிறவருக்கு வேறு பிழைப்பு இல்லாமல் இருக்கலாம். வாங்குகிறவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. வயலில் பூச்சியைத் தின்று கொடுக்கிற பறவையை ருசிக்காகத் தின்கிறோம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது வாங்கியிருந்தால் தயவுசெய்து இனி வாங்காதீர்கள். விற்பதைப் பார்த்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

இந்த ஊர் விவசாயிகளுக்குப் பறவையின் அருமை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. எலியைப் பிடிக்க மூங்கில் கிட்டி வைக்கிற அதே வயலில், ஆந்தை உட்கார ஆங்கில ‘T’ மாதிரி ஒரு குச்சியும் நட்டு வைக்கிறார்கள். பகலில் அதில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், ராத்திரி கூகைக்கு. எனக்கு அதைக் காட்டி விளக்கியது நடவு வேலைக்கு வருகிற ஓர் அக்காதான். செம்போத்து வலமிருந்து இடம் போனால் என்ன பலன் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

பைனாகுலர் வாங்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: முதல் மாதம் வேண்டாம். கண்ணும் காதும் போதும். பிறகு வாங்கினால் 8 மடங்கு பெரிதாக்குகிற, 42 மி.மீ. கண்ணாடி உள்ளது நல்லது. விடிகிற நேரத்து மங்கலிலும் தெளிவாகத் தெரியும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். கேமரா பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு: கூட்டுக்கு அருகில் போய்ப் படம் எடுக்கக் கூடாது. தாய் பறந்துவிட்டால் வெயிலில் முட்டையும் குஞ்சும் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

2015 முதல் பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருக்கிற இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். காக்கையும் மைனாவும் கணக்கில் உண்டு. சரணாலயத்துப் பட்டியல்கள் நிறைய வருகின்றன. டெல்டாவின் சாதாரண வயலுக்கும் வாய்க்காலுக்கும் எழுத ஆள் வேண்டும். சம்பா அறுவடை நடக்கிற நேரம், தகைவிலான் கம்பியெங்கும் உட்கார்ந்திருக்கும் நேரம்.

இந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை, மன்னார்குடியில்தான் இருப்பேன். காணும் பொங்கலன்று காலை ஆறு மணிக்குப் பாமணி ஆற்றங்கரையில் நடப்பதாக இருக்கிறேன். திருவாரூர், நீடாமங்கலம், முத்துப்பேட்டை பக்கம் புதிதாக வேலைக்கு வந்து தனியாக இருப்பவர்கள் உள்பெட்டியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்க. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் இல்லையென்றால் பரவாயில்லை, என்னுடையதை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.