கேஷ் எங்கிருந்து வந்தது, காசு எங்கே போனது

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் பணத்துக்கு வழங்கும் 'கேஷ்' என்ற சொல் நம்முடைய 'காசு'தான், வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்று. கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். அரை மணி நேரம் கழித்து அண்ணன் மகள் அதையே எனக்குத் தனியாக அனுப்பி, "அத்தை, இது உண்மையா? பேச்சுப் போட்டில சொல்லலாமா?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

"அப்படியே சொல்லாதே" என்றேன். "அப்போ பொய்யா?" என்றாள். பொய் என்றும் தள்ள முடியாது. இதற்குப் போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் நாம் அன்றாடம் சொல்லும் கேஷ். கடையில் "கேஷா, கார்டா" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ். இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா' ஆனது, பிரெஞ்சில் 'கேஸ்' ஆனது. வியாபாரிகள் பணம் போட்டு வைக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர். 16 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதற்குப் பணப்பெட்டி என்ற பொருள் இருந்தது. பெட்டியின் பெயர் மெல்ல உள்ளே இருக்கும் பணத்துக்கு ஏறிக்கொண்டது. நம் ஊரில் கடை முதலாளி உட்காரும் இடத்தைக் 'கல்லா' என்கிறோம், "இன்னைக்கு கல்லா எப்படி?" என்று கேட்டால் அன்றைய வசூலைத்தான் கேட்கிறோம் என்று எல்லோருக்கும் புரியும். அதே நகர்வுதான். கண்ணாடிக்கும் நகைக்கும் வாங்கும் 'கேஸ்' கூட அதே லத்தீன் பெட்டியின் இன்னொரு பிள்ளை. பிரான்சில் இன்றைக்கும் கடையில் பணம் கட்டும் இடத்தின் பெயர் அந்தப் பழைய பெட்டிப் பெயரேதான்.

ஆக, இந்தக் கேஷுக்கும் காசுக்கும் உறவு இல்லை. ஒலியும் பொருளும் ஒத்துப்போவது தற்செயல். மொழிகளில் இப்படி நடப்பது உண்டு. ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்டது, பாரசீகத்தில் 'பத்' என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் தொடர்பே கிடையாது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் அண்ணன் மகள் ஏமாந்து போயிருப்பாள். ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' இருக்கிறது. எழுத்து அதேதான், உச்சரிப்பும் அதேதான், அகராதியில் மட்டும் தனிச் சொல்லாக இருக்கும். ஆசியாவின் சிறு மதிப்பு நாணயங்களைக் குறிக்கும் சொல் அது. அது நம்முடைய காசு. போர்த்துக்கீசியர்கள் இந்தப் பக்கம் வந்து வியாபாரம் செய்தபோது இந்தச் சொல்லைக் காதில் வாங்கி 'காய்ஷா' என்று எழுதினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர்களுக்குப் போனது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. போர்த்துக்கீசிய மொழியில் 'காய்ஷா' என்றாலே பெட்டி. மேலே சொன்ன அதே லத்தீன் பெட்டி! நம் காசைக் கேட்டவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே பழகிய சொல்லின் உருவத்தை அதற்குப் போட்டுவிட்டார்கள். பிறகு ஆங்கிலேயர்கள் அதைத் தங்களுக்குப் பழகிய கேஷ் போலவே எழுதினார்கள். வேறு வேறு குடும்பத்தில் பிறந்த இரண்டு சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. சித்தப்பா மயங்கியதில் தப்பே இல்லை.

1886 இல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதியில் இந்தக் கதை ஏறக்குறைய இப்படியே இருக்கிறது. தமிழ்க் காசிலிருந்து போர்த்துக்கீசியச் சொல், அதிலிருந்து ஆங்கிலச் சொல் என்று. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சமஸ்கிருதத்தில் 'கர்ஷ' என்ற எடை அளவையும் அதில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதன் வழியாகத் தமிழுக்கு வந்ததா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஐரோப்பியர் கையில் போய்ச் சேர்ந்தது நம் வாயிலிருந்த வடிவம் என்பதே எனக்குப் போதும்.

அந்த வடிவம் எவ்வளவு தூரம் போனது தெரியுமா? நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டமான சீன நாணயத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் கோத்து, ஆயிரம் ஒரு சரம் என்று கணக்கு வைப்பார்கள். ஈராயிரம் ஆண்டுகள் சீனாவில் புழங்கிய அந்த நாணயத்துக்கு உலகம் முழுக்க நாணய ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேஷ்'. சீனர்கள் அதை அப்படிச் சொன்னதில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் கேட்ட பெயரைக் கீழைக் கடல்களிலும் கொண்டுபோய் ஒட்டியவர்கள் ஐரோப்பியர்கள். அந்தச் சீன நாணயங்களே புதையலாகத் தஞ்சாவூர்ப் பக்கம் மண்ணில் கிடைத்திருக்கின்றன என்பதையும் சேர்த்து நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. நாணயம் அங்கிருந்து இங்கே வந்தது, பெயர் இங்கிருந்து அங்கே போனது.

மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கே காசில்தான் ஓடியது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். பெருக்கிப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818 இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான். அந்தப் 'பண'த்தை ஆங்கிலேயர் 'ஃபனம்' என்று எழுதிக்கொண்டார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த செப்பு நாணயத்தின் பெயரும் 'காஸ்'. திருவிதாங்கூரில் இந்தியா விடுதலை அடைந்த பிறகும் காசு, சக்கரம், பணம் என்றே கணக்கு நடந்தது. புதுக்கோட்டையில் அம்மன் காசு.

கம்பெனி மதராஸுக்கான செப்புக் காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்காமில் அடித்துக் கப்பலில் அனுப்பியது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, கீழே ரோமன் எண்ணில் 10 அல்லது 20, பக்கத்தில் 'கேஷ்'. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, கென்ட் கடற்கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவற்றில் 1808 என்ற ஆண்டு இருக்கும். மதராஸ் கடைத்தெருவில் கைமாறியிருக்க வேண்டிய செம்பு, நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் ஆங்கிலேயக் கடலடியில் கிடந்திருக்கிறது.

சரி, இங்கே வீட்டுக்குள் வருவோம். குறுந்தொகையின் 67 ஆம் பாட்டில் ஒரு கிளி வேப்பம்பழத்தை வளைந்த அலகில் பிடித்திருக்கிறது. பொற்கொல்லன் புது நூலைக் கோக்கத் தன் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் 'பொலங்கல ஒரு காசு' போல அது இருக்கிறதாம். மஞ்சள் பழம், பொன் காசு, வளைந்த அலகு, வளைந்த நகம். பாடியவர் அள்ளூர் நன்முல்லை. இன்றைய காசுமாலை வரைக்கும் அந்த நூல் அறுபடவே இல்லை.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் தினம் படிக்காசு வைத்தார் என்பது பெரியபுராணக் கதை. அப்பருக்குக் கிடைத்த காசு கழிவு இல்லாமல் மாறியது, சம்பந்தருக்குக் கிடைத்ததற்குக் கடைக்காரர்கள் வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, பிடித்தார்கள். அந்தக் கழிவுக்கு 'வாசி' என்றும் பெயர். "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று சம்பந்தர் பாடியது அதற்குத்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது பன்னிரண்டரை சதவீதம். இறைவனிடம் நாணய மாற்றுக் கழிவைப் பேசியவர்கள், வட்டி விகிதத்தைக் கல்லில் வெட்டியவர்கள், இவர்களிடம் இந்தச் சொல் எப்படிப் புழங்கியிருக்கும் என்று யோசியுங்கள்.

இவ்வளவு வைத்துக்கொண்டு, நமக்குச் சொந்தமில்லாத கேஷை ஏன் இழுத்துப் பிடிக்க வேண்டும்? எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. மேடையில் அந்தப் பிள்ளை "கேஷ் தமிழ்ச் சொல்" என்று சொல்லி, நடுவர் ஒருவர் அகராதியைக் காட்டித் திருத்தினால், அவள் அடுத்துச் சொல்லும் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணியையும்கூட யாரும் நம்ப மாட்டார்கள். அவை மூன்றும் நிஜமாகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. வாங்கியதையும் கூச்சமில்லாமல் சொல்லலாம். சென்னையில் "துட்டு" என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற சின்ன நாணயம். யாழ்ப்பாணத்துத் தோழி எப்போதும் "காசு" என்றே சொல்வாள், நான் "பணம்" என்பேன்.

அண்ணன் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலைப்பையே மாற்றிவிட்டாள். 'ஒரு காசின் பயணம்' என்று பேசப் போகிறாளாம். மேடையில் காட்ட ஒரு பழைய காசு வேண்டும் என்கிறாள். உங்கள் வீட்டுப் பரணிலோ, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலோ சிங்கம் போட்ட கம்பெனிக் காசு, அம்மன் காசு ஏதாவது இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். வரும் வெள்ளிக்கிழமை போட்டி.