ஸ்கேன் புத்தகம் படிப்பவர்களை விட்டுவிட்டீர்களே

"டேப்லெட் இருக்கும்போது தனியாக இ-ரீடர் எதற்கு?" என்று உங்கள் கட்டுரை கேட்கிறது. என்ன படிக்கிறீர்கள் என்று முதலில் கேட்டிருக்கலாம்.

என்னிடம் இரண்டும் உண்டு. நாவல், சிறுகதை என்றால் அமேசானின் இ-ரீடரான கிண்டில்தான். அதன் இ-இங்க் (மின்மை) திரைக்குள் கறுப்பு வெள்ளைத் துகள்கள் இடம் மாறித்தான் எழுத்து தெரிகிறது. பக்கம் மாறியபின் அதை அப்படியே வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை, அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் வரும். மொட்டைமாடி வெயிலிலும் காகிதம் மாதிரி படிக்கலாம். டேப்லெட்டில் அந்த வெயிலில் என் முகம்தான் தெரிகிறது.

ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இறக்கிய பழைய நூல்கள்? ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள் அவை. 6 அங்குலத் திரையில் அடிக்குறிப்பு எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். எழுத்தளவை மாற்றவும் வழியில்லை, ஒவ்வொரு பக்கமும் படம்தானே. பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படித்தால் நாலு பக்கத்தில் பொறுமை போய்விடும். அதற்கு 10 அங்குல டேப்லெட்தான் சரி. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் யூனிகோடு எழுத்தாகவே கிடைப்பவை வேறு கதை, கிண்டிலில் போட்டு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கலாம். ஈபப் என்ற மின்னூல் கோப்பையும் 2022 முதல் அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியே நேராக அனுப்ப முடிகிறது. முன்பு கிண்டில் ஏற்கும் மோபி வடிவத்துக்கு மாற்றி மாற்றி அலுத்துப்போனவன் நான்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் சத்தம். டேப்லெட்டில் ஒரு அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்ததாக எனக்கு நினைவே இல்லை.

அடுத்த முறை 10 அங்குல இ-ரீடர்களைப் பற்றியும் எழுதுங்கள். விலைதான் கொஞ்சம் கடிக்கிறது.