பழைய தந்தம்தானே, விற்றால் என்ன?

மண்ணடி, சௌகார்பேட்டையில் பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ பரணிலிருந்து தந்த வளையல், சிமிழ், தந்த வேலைப்பாடு செய்த வீணை என்று ஏதாவது இறங்கும். உடனே கேட்பார்கள்: "தாத்தா காலத்துது. அந்த யானை செத்தே நூறு வருஷம் ஆச்சு. வித்தா யாருக்கு நஷ்டம்?"

இன்றைக்குக் காட்டில் நிற்கும் யானைக்கு நஷ்டம். தந்தம் எந்த வருஷத்துது என்று கண்ணால் சொல்ல முடியாது. டீத்தண்ணியில் ஊறினால் புதுசும் பழுப்பேறிவிடும். பழசுக்குக் கதவைத் திறந்தால் புதுசும் அதே வழியாகத்தான் வரும். 2008இல் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே நாடுகளின் கையிருப்பிலிருந்து சுமார் 100 டன்னை சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சட்டப்படி விற்றார்கள். சீனக் கடைகளில் விற்றுப்போன பொருளின் சான்று அட்டையையே திருட்டுத் தந்தத்துக்கும் மாட்டினார்கள். 2017 முடிவில் சீனாவே கடையை மூடவேண்டி வந்தது.

தந்தம் கொம்பல்ல, பல். மூன்றில் ஒரு பங்கு மண்டைக்குள் புதைந்திருக்கும். தானாக உதிராது, முழுசாக எடுக்க முகத்தையே பிளக்க வேண்டும். நம் நாட்டு யானைகளில் ஆணுக்குத்தான் நீண்ட தந்தம் என்பதால் சாவதெல்லாம் ஆண்கள். வேட்டை உச்சத்தில் இருந்த காலத்துக்குப் பிறகு கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குச் சுமார் நூறு பெண் யானைகள் என்ற நிலை வந்தது. அந்தக் கூட்டத்தில் கன்று எப்படிப் பெருகும்?

கையில் இருப்பது தந்தமா என்று பார்க்க வளையல்தான் சுலபம். தந்தத்தைக் குறுக்கே அறுத்துச் செய்வதால் அதன் தட்டையான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் மெல்லிய கோடுகள் வளைந்து ஒன்றையொன்று வெட்டும். நடுவே சின்னச் சின்ன சாய்சதுரங்கள், நெருக்கிப் போட்ட சிக்குக் கோலம் மாதிரி. எலும்பில் இது இருக்காது. ஊசி குத்தினாற்போல் கருப்புப் புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக்கில் கோடே இருக்காது, இருந்தாலும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே சீராக ஓடும். வெளிவிளிம்பை ஒட்டிக் கோடுகள் வெட்டும் கோணம் 115 டிகிரிக்கு மேல் என்றால் இன்றைய யானை, 90க்குக் கீழ் என்றால் மாமத், அதாவது எப்போதோ அழிந்துபோன யானை இனம். "மாமத்துதான்" என்றும் தப்ப முடியாது. இங்கே அதையும் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே சொல்லிவிட்டது.

நம் யானைத் தந்த வியாபாரத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தத்திலும் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991இலும் தடை வந்தது. உரிமைச் சான்றிதழ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது. வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சான்றிதழ் தாத்தா பெயரிலேயே கிடக்கும். வேண்டாமென்றால் அதே சட்டத்தின் 42ஏ பிரிவில் ஏழு வேலை நாள் முன்பே தகவல் தந்து ஒப்படைக்கலாம். பணம் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பேன். அரசே விலை வைத்தால் அதுவும் ஒரு சந்தைதான். ஒப்படைக்க வார்டுக்கு வார்டு முகாம் போட்டால் இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.

வாட்ஸ்அப்பில் 'ஆன்டிக்' என்று விலைக்கு வந்தால் ஃபார்வர்ட் பண்ணாதீர்கள், பேரம் பேசியும் பார்க்காதீர்கள். என்ன பொருள், எந்த இடம், எந்த நம்பர், என்ன விலை சொன்னார்கள் என்பதைக் குறித்து வனத்துறைக்குக் கொடுங்கள். மத்திய அரசின் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கும் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.