பாரிமுனைக்கு புல்டோசர் கேட்கும் பெருமக்களுக்கு

அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்புகிறார்கள். சென்னைப் பாரிமுனையில், மூக்கைப் பொத்திக்கொண்டு பவளக்காரத் தெருவில் நடந்துவிட்டு, அங்கிருக்கும் பழைய கட்டடங்களைக் காட்டி, "இதையெல்லாம் இடிச்சுத் தள்ளணும் கைஸ்" என்கிறார் தம்பி.

சரி, தெரு அழுக்குதான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் குப்பை அள்ளாதது கட்டடத்தின் குற்றமா? சாக்கடை அடைத்தால் சாக்கடையைக் குத்துங்கள், வீட்டை ஏன் இடிக்கிறீர்கள்?

இடிப்பது இந்த இடத்துக்குப் புதிதும் இல்லை. பிரெஞ்சுக்காரன் 1746ல் ஊரைப் பிடித்து, அது திரும்பக் கைக்கு வந்த பிறகு, கோட்டைப் பீரங்கிக்கு மறைப்பே இருக்கக் கூடாது என்று இங்கிலீஷ்காரன், கோட்டையை ஒட்டி நம்மாட்கள் வாழ்ந்த பழைய கருப்பர் நகரத்தையே இல்லாமல் ஆக்கினான். அங்கே இருந்த கோயிலும் போனது. அதற்குப் பதிலாக எழும்பியவைதான் பூக்கடைப் பக்கம் இருக்கும் சென்னகேசவர், சென்னமல்லீஸ்வரர் இரட்டைக் கோயில்கள். இதற்குள் கட்டாதே என்று 1773ல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. போய்ப் பாருங்கள் தம்பி, ரீலுக்கு ஆகும்.

என் அப்பா கோடவுன் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். பள்ளி லீவில் துணி பேல் மேல் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பேன். தேக்கு உத்தரம், அதற்கு மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பு வைத்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். சித்திரை மாதத்தில்கூட ஃபேனைக் குறைத்துத்தான் வைப்பார்கள், சீட்டெல்லாம் பறக்கிறது என்று. அப்புறம் அதை இடித்து கான்கிரீட்டும் கண்ணாடியுமாகக் கட்டினார்கள். ஏசி முதலாளி அறைக்கு மட்டும். அப்பா கடைசி வரை கழுத்தில் ஈரத்துண்டோடுதான் பேரேடு எழுதினார். "முன்னேற்றம்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும், மன்னிக்கவும்.

தீப்பிடிக்குமே என்பார்கள். வயரை மாற்றுங்கள். அற்ப வாடகையை வைத்து உரிமையாளர் எப்படிப் பராமரிப்பார் என்பார்கள். நியாயம்தான், அதை அரசு பேசித் தீர்க்கட்டும். பழம்பெருமைப் பைத்தியம் என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். ஐயா, நான் மியூசியமா கேட்டேன்? நாட்டு மருந்துக்கு நைனியப்ப நாயக்கன் தெரு, துணிக்கு கோடவுன் தெரு என்று இன்றைக்கும் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிற இடம் அது. திரும்பவும் சொல்கிறேன், அழுக்கு கட்டடத்தோடது இல்லை.

அந்தத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகட்டும். பத்திரிகை வாங்க இதே பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குத்தான் வருவார், பேரமும் பேசுவார்.