1972 கார்வெட் 70 குதிரைத்திறனை இழந்ததா?

1971 செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்படை எஞ்சின் 270 குதிரைத்திறன், 1972-இல் அதுவே 200, ஆக ஒரே வருடத்தில் 70 போய்விட்டது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். இரண்டு எண்களும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே முறையில் அளந்தவை அல்ல.

270 என்பது ‘கிராஸ்’ கணக்கு. எஞ்சினைத் தனியாகக் கழற்றி சோதனை மேடையில் வைத்து, ஏர் ஃபில்டர், ஃபேன், சைலன்சர் எதுவும் இல்லாமல் ஓடவிட்டு எடுப்பது. (விளம்பரத்துக்கு ரொம்ப வசதி!) 200 என்பது ‘நெட்’. இவையெல்லாம் காரில் இருப்பதுபோலவே பூட்டிய பிறகு எடுப்பது. அமெரிக்க கம்பெனிகள் 1972 மாடல்களிலிருந்து நெட்டை மட்டும் போட ஆரம்பித்தன.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 1971-க்கு செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையுமே வெளியிட்டது. அந்த வருடத்து விவரப் பட்டியலில் 270-க்குப் பக்கத்திலேயே நெட் 210 என்று இருக்கும். அப்புறம் இரண்டு வருடத்து கம்ப்ரெஷன் விகிதத்தையும் (சிலிண்டருக்குள் காற்று-பெட்ரோல் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) பாருங்கள்: இரண்டிலும் 8.5:1, அதே 350 கன அங்குல எஞ்சின். நெட்டை நெட்டோடு வைத்தால் இழப்பு 10 குதிரைத்திறன்தான்.