பாதிரியார் ஹென்றி வார்ட் பீச்சர் ஹாரியட்டின் மகன் அல்ல

"அடிமை முறையை எதிர்த்த அமெரிக்கப் பாதிரியார் ஹென்றி வார்ட் பீச்சர், 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் மகன், இங்கிலாந்துப் பிரபு வம்சம்" என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஹாரியட் அவருக்கு அக்கா. அவர் பிறந்தது 1811, தம்பி பிறந்தது 1813. இரண்டே வயது மூத்தவர் எப்படித் தாயாக முடியும்? பீச்சர் என்பது ஹாரியட்டின் பிறந்த வீட்டுப் பெயர், ஸ்டோவ் கணவர் வழி வந்தது. குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம்: ஹாரியட்டுக்கும் ஹென்றி என்று ஒரு மகன் இருந்தார். அவர் கல்லூரியில் படிக்கும்போதே, 1857-இல், கனெக்டிகட் ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டார், பாவம்.

சரி, வம்சம்? பாதிரியாரின் தந்தை லைமன் பீச்சரும் பாதிரியார்தான். தாய் ரொக்ஸானா ஃபூட். தாத்தா டேவிட் பீச்சர் நியூ ஹேவன் ஊரில் இரும்படித்த கொல்லர். லைமன் பிறந்த சில நாளில் தாய் இறந்துபோக, மாமா வீட்டில், பண்ணை வேலை செய்து வளர்ந்தார். இதையெல்லாம் லைமனே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 1864-65-இல் வெளிவந்த அந்த நூல் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தப் பதிவு உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இரண்டு பிறந்த ஆண்டுகளையும் சொன்னாலே போதும்.